ஒளிப்படக் கல்விக்கு நல்கை: தேடுவதிலிருந்து கணக்கு ஒப்படைப்பது வரை

ஒளிப்படக் கலையை முறையாகப் படிக்க விரும்பும் ஒருவர் 'போட்டோகிராபி ஸ்காலர்ஷிப்' என்று இணையத்தில் தேடினால், போட்டி அறிவிப்புகளும் கேமரா விளம்பரங்களுமே பெரும்பாலும் வந்து நிற்கும். அந்தப் பெயரில் பணம் ஒதுக்கி வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. பணம் வேறு பெயர்களில் இருக்கிறது: இளம் கலைஞர் உதவித்தொகை, காண்கலை நல்கை (கிராண்ட்), ஊடக நல்கை, ஆதிதிராவிட மாணவருக்கான உயர்கல்வித் திட்டம், அரசுப் பள்ளியில் படித்தவருக்கான மாதத் தொகை. ஆகவே, தனக்கு எது தேவை என்பதை விண்ணப்பதாரர் தெளிவாகச் சொல்லத் தெரிந்துகொண்டு, அந்தத் தேவை எந்தப் பெயரின் கீழ் அடங்கும் என்று தேடுவதே இந்த வேலையின் பாதி.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. இலங்கைத் தமிழருக்கும் பொருந்தும் வாய்ப்பை அதற்குரிய இடத்தில் குறித்திருக்கிறேன். தொகைகளும் வயது வரம்புகளும் திருத்தப்படக்கூடியவை என்பதால், இங்கே உள்ள எண்களை வைத்துத் திட்டமிட்டாலும், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த பிறகே படிவத்தில் கைவைக்க வேண்டும்.

முதல் படி: எந்த வகைப் படிப்பு என்று முடிவு செய்தல்

ஒளிப்படக் கல்வி என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு செலவுகள் இருக்கின்றன. பல்கலைக்கழகப் பட்டம் ஒன்று. தனியார் நிறுவனத்தின் ஓராண்டு டிப்ளமோ மற்றொன்று. பத்து நாள் பயிலரங்கு மூன்றாவது. ஒரு மூத்த கலைஞரின் வழிகாட்டுதலில் சொந்தமாக ஒரு தொடரை எடுத்து முடிப்பது நான்காவது. முதல் வகைக்கு அரசுப் பணம் கிடைக்கும். கடைசி இரண்டுக்கும் கலை அறக்கட்டளைகள் உதவும். இரண்டாவது வகைதான் சிக்கலானது.

அந்தச் சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேர்ந்து கட்டணமும் கட்டிய பிறகே பலருக்கு இது தெரியவருகிறது. அரசின் உயர்கல்வி உதவித்தொகைகள் அனைத்தும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில், அங்கீகாரம் பெற்ற படிப்பில் சேர்ந்தவர்களுக்கே வழங்கப்படுகின்றன. ஒளிப்படக் கலையைச் சிறப்பாகக் கற்றுத்தரும் தனியார் பள்ளி ஒன்று எந்தப் பல்கலைக்கழகத்தோடும் இணைக்கப்படாமல் தன் சொந்தச் சான்றிதழையே வழங்கலாம். அதில் தவறேதும் இல்லை, அங்கிருந்து நல்ல ஒளிப்படக்காரர்கள் வெளிவந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அங்கே சேர்பவர் அரசுத் திட்டங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே சேர்க்கைக்கு முன்பே, இந்தப் படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது, அரசின் உதவித்தொகைத் தளத்தில் இந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, கட்டணத்தைத் தவணையில் கட்டலாமா என்ற மூன்று கேள்விகளையும் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொல்லப்படும் "அதெல்லாம் வரும்" என்ற பதிலை நம்பிக் கடன் வாங்கிவிட வேண்டாம்.

கையில் பணமே இல்லாதவருக்கு நல்கையைவிடக் குறைந்த கட்டணமுள்ள அரசு நிறுவனமே முதல் வழி. 1850-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஓவியப் பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இயங்குகிறது, தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் ஒளிப்பதிவைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறது. கலை அறிவியல் கல்லூரிகளின் விஸ்காம் என்னும் காட்சித் தொடர்பியல் படிப்பிலும் ஒளிப்படம் ஒரு பாடமாக உண்டு. தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி. தன் காந்திநகர் வளாகத்தில் ஒளிப்பட வடிவமைப்பில் முதுநிலைப் பட்டம் வழங்குகிறது. அதற்குத் தனி நுழைவுத்தேர்வு எழுத வேண்டும்.

இரண்டாம் படி: பணம் எங்கே இருக்கிறது

மாநில அரசிலிருந்து தொடங்குவோம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிகளுக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் கீழ் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது; மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் தொடங்கப்பட்டது. விஸ்காமோ கவின்கலையோ படிப்பவர்கள், இது பொறியியல் மாணவர்களுக்கானது என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடக் கூடாது. மாதம் ஆயிரம் ரூபாய் சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் அச்சுப் பிரதிகளுக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் ஒரு மாணவர் செலவிடுவது ஏறக்குறைய அவ்வளவுதான்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் உயர்தரக் கல்வித் திட்டம் ஒன்று உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, அறிவிக்கப்பட்ட நிறுவனங்களில் இடம் கிடைத்தால், கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவுக்கான தொகையும் அதில் வழங்கப்படுகின்றன. அந்த நிறுவனப் பட்டியலில் என்.ஐ.டி.யும் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை பேர் என்ற வரையறை இருப்பதால், சேர்க்கை நடக்கும் வாரத்திலேயே அங்குள்ள உதவித்தொகைப் பிரிவில் பெயரைக் கொடுத்துவிட வேண்டும்.

ஒன்றிய பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகையைப் பற்றி ஒளிப்படக்காரர்களில் பலரும் கேள்விப்பட்டதே இல்லை. கர்நாடக இசைக்கும் பரதநாட்டியத்துக்கும் உரியது என்று அறியப்பட்ட இத்திட்டத்தின் காண்கலைப் பிரிவில் ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு படைப்பாக்க ஒளிப்படமும் இடம்பெற்றிருக்கிறது. 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு, மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கப்படும் இத்தொகை மொத்தத்தில் 1,20,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக நான்கு முறை 30,000 ரூபாய் வரும். ஒரு குருவிடமோ நிறுவனத்திலோ குறைந்தது ஐந்தாண்டுப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் ஒளிப்படக்காரருக்கு இடிக்கும், ஏனென்றால் நம் துறையில் குரு என்ற சொல் புழக்கத்தில் இல்லை. ஆனால் பதினெட்டு வயதிலிருந்து ஒரு ஸ்டூடியோ உரிமையாளரிடம் வேலை கற்றவருக்கு அவரே குரு. அவரிடமிருந்து தேதிகளோடு ஒரு பயிற்சிச் சான்று பெற்று வைத்துக்கொள்வது நல்லது. வயது 25-ஐத் தாண்டிவிட்டால், அதே அமைச்சகத்தின் இளநிலை ஆய்வு நல்கை இருக்கிறது: 40 வயது வரை, மாதம் 10,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள். அதற்கு மாணவராக இருக்க வேண்டியதில்லை. ஆய்வுத் திட்டம் ஒன்று வேண்டும்.

அடுத்து, அறக்கட்டளைகள். பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1990-களிலிருந்து கலை ஆய்வுக்கும் கலைச் செயல்பாட்டுக்கும் நல்கை வழங்கிவருகிறது. முன்மொழிவை இந்திய மொழிகளில் எழுதி அனுப்பலாம் என்பதால், ஆங்கிலத்தில் தயங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. அல்காசி அறக்கட்டளை ஒளிப்பட நூல்களுக்கென்றே நல்கை அறிவித்திருக்கிறது. பிரான்சின் ஆர்ல் நகர ஒளிப்பட விழாவோடு இணைந்து செரண்டிபிட்டி ஆர்ட்ஸ் அறக்கட்டளை தெற்காசிய ஒளிப்படக்காரர்களுக்கு நல்கை வழங்குகிறது. 2016-இல் தொடங்கிய ஒளிப்பட விழாவான சென்னை போட்டோ பியனாலேயின் அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனித்தால், நம் ஊரிலேயே நடக்கும் பயிலரங்குகளும் விருதுகளும் கண்ணில் படும்.

இவற்றைத் தனித்தனித் தீவுகளாகப் பார்க்கக் கூடாது. மதுரையைச் சேர்ந்த எம்.பழனி குமாரின் பாதையைப் பாருங்கள்: மலக்குழித் தொழிலாளர்களின் வாழ்க்கையைப் படமெடுக்கத் தொடங்கிய அவர், 2020-இல் சம்யக் திருஷ்டி, போட்டோ சவுத் ஏசியா நல்கையையும், 2021-இல் ஆம்ப்ளிஃபை நல்கையையும், 2022-இல், ஒளிப்படக் கலைஞர் தயாநிதா சிங்கின் பெயரும் ஊரக வாழ்க்கையைப் பதிவுசெய்யும் பாரி இணையத்தளத்தின் பெயரும் தாங்கிய தயாநிதா சிங் – பாரி ஆவண ஒளிப்பட விருதை அதன் முதல் பெறுநராகவும் பெற்றார். எடுத்துக்கொண்ட பொருளை அவர் ஒவ்வோர் அறிவிப்புக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டே இருக்கவில்லை. ஒரே வேலையைத் தொடர்ந்து செய்தார், நல்கைகள் அதன் அருகில் வந்து சேர்ந்தன.

வெளிநாட்டுப் படிப்புக்கு மூன்று வாசல்களை மட்டும் சொல்கிறேன். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுநிலைப் படிப்பின் முழுச் செலவையும் ஏற்கிறது. இந்தியருக்கும் இலங்கையருக்கும் உரியது. எந்தப் பாடத்துக்கும் விண்ணப்பிக்கலாம் என்பதால் லண்டனில் ஒளிப்பட இதழியல் படிக்க விரும்புபவரும் தகுதியுடையவரே. பட்டத்தோடு 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகளாவது நாடு திரும்பி இருக்க வேண்டும். திருமண வீடுகளில் படமெடுத்துப் பிழைத்த ஆண்டுகளும் அனுபவமே. ஆனால் தேதி, வாடிக்கையாளர், மணி நேரம் என்று ஒரு குறிப்பேடு வைத்திருந்தால்தான் அதைக் கணக்காகக் காட்ட முடியும்.

ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) நுண்கலை, வடிவமைப்பு, காட்சித் தொடர்பியல், திரைப்படம் ஆகியவற்றுக்கென்று தனி முதுநிலை உதவித்தொகை வைத்திருக்கிறது. கடைசிப் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அந்த உதவித்தொகை கிடைக்காவிட்டாலும், அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை என்பதால், தேவைப்படுவது வாழ்க்கைச் செலவு மட்டும்தான். ஆனால் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மூன்றாவது வாசல் சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட். கல்கத்தாவில் ஷா வாலஸ் நிறுவனத்தில் சம்பாதித்து 1916-இல் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து, பிரிட்டனில் கலை, பண்பாட்டு மரபு, மானுடப் புலங்கள் (ஹியூமானிட்டீஸ்) சார்ந்து படிக்கச் செல்லும் இந்தியருக்கு உதவும் அமைப்பு இது. வயது 25 முதல் 38 வரை. பொதுவாகச் செலவின் ஒரு பகுதியையே இது ஏற்கும் என்பதால், வேறொரு நிதியோடு சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

முழுநேரப் படிப்புக்குப் போக முடியாதவருக்குப் பயிலரங்குகள் உண்டு. கம்போடியாவின் சியம் ரீப் நகரில் 2005-இல் தொடங்கிய அங்கோர் ஒளிப்பட விழா, வளர்ந்துவரும் ஆசிய ஒளிப்படக்காரர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லாமல் பயிலரங்கு நடத்திவந்திருக்கிறது. பயணமும் தங்குமிடமும் பங்கேற்பவர் பொறுப்பு.

மூன்றாம் படி: கொடுப்பவரின் நோக்கத்தைப் படித்தல்

ஒவ்வொரு நல்கைக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது. 1988 டிசம்பரில் லாக்கர்பியின் மேல் வெடித்துச் சிதறிய பான் ஆம் விமானத்தில் இறந்தவர்களில் அலெக்ஸியா சாய்ரிஸ் என்ற ஒளிப்பட இதழியல் மாணவியும் ஒருவர். அவருடைய பெற்றோர் தொடங்கிய அலெக்ஸியா நல்கை, சமூக அநீதியைப் பேசும் ஒளிப்பட வேலைகளையே தேடுகிறது. மாணவருக்கும் தொழில்முறையாளருக்கும் தனித்தனியாக வழங்கப்படுகிறது. இந்தப் பின்னணி தெரிந்தவர் அங்கே ஃபேஷன் படங்களை அனுப்பமாட்டார். அறிவிக்கையைப் படிப்பதோடு நிற்காமல், முந்தைய ஆண்டுகளில் தேர்வானவர்களின் பெயர்களை எடுத்து, அவர்கள் அப்போது எந்த நிலையில் இருந்தார்கள், எத்தகைய வேலையை அனுப்பினார்கள் என்று ஒரு மாலை நேரம் முழுக்கப் பாருங்கள். உங்கள் வேலைக்கு அங்கே இடம் உண்டா என்பது அந்த ஒரு மாலையிலேயே தெரிந்துவிடும். பதினைந்து இடங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட, பொருந்துகிற நான்கு இடங்களுக்குத் தனித்தனியாக எழுதுவது பலன் தரும்.

நான்காம் படி: சான்றிதழ்களைச் சேர்த்தல்

வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். வருமானச் சான்றிதழ் காலாவதியாகும் என்பதையும், வங்கிக் கணக்கும் ஆதாரும் இணைந்திருக்க வேண்டும் என்பதையும், மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருக்கும் தலைப்பெழுத்தைச் சரிசெய்வதற்கே ஒரு மாதம் ஆகக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தகுதியிருந்தும் தள்ளுபடியாகும் விண்ணப்பங்களுக்குப் பெயர்ப் பொருத்தமின்மை ஒரு சலிப்பூட்டும் காரணம்.

ஐந்தாம் படி: படத்தொகுப்பு

தேர்வுக் குழுவினர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தொகுப்புகளைத் திரையில் பார்க்கிறார்கள். கேட்கப்பட்டது 15 படங்கள் என்றால் 15 மட்டுமே, அதுவும் ஒன்று அல்லது இரண்டு தொடர்களிலிருந்து மட்டுமே அனுப்ப வேண்டும். ஒரு சூரிய அஸ்தமனம், ஒரு ஜல்லிக்கட்டு, ஒரு பாட்டியின் சுருக்கம் விழுந்த முகம், ஒரு மீன்கொத்தி என்று கலந்து வைக்கப்பட்ட தொகுப்பு, இவருக்கு எல்லாம் எடுக்கத் தெரியும் என்று சொல்வதில்லை. இவருக்கு எது வேண்டும் என்று இவருக்கே தெரியவில்லை என்றுதான் சொல்கிறது. நான் முதன்முதலாக அனுப்பிய தொகுப்பில் அந்த மீன்கொத்தி இருந்தது.

தேர்ந்தெடுக்க எளிய வழி, சந்தேகமுள்ள முப்பது படங்களை அஞ்சலட்டை அளவில் மலிவாக அச்சிட்டுத் தரையில் பரப்புவது. ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு படங்களில் ஒன்றை எடுத்துவிடுங்கள். தூரத்துப் படம், நடுத்தூரப் படம், நெருக்கப் படம் ஆகியவை கலந்து வருகின்றனவா என்று பாருங்கள். படம் எடுத்த அன்று பட்ட சிரமத்துக்காக ஒரு படத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சிரமம் பார்ப்பவருக்குத் தெரியாது. கோப்புகளை அறிவிக்கையில் சொன்ன அளவில் சேமித்து, வரிசை மாறாதபடி 01, 02 என்று எண்ணிட்டுப் பெயரிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, எப்போது, என்ன நடக்கிறது என்று சொல்லும் ஒரு குறிப்பு வேண்டும். "வாழ்க்கைப் போராட்டம்" என்பது குறிப்பாகாது. படத்தில் இருப்பவர்களின் ஒப்புதலை, குறிப்பாகக் குழந்தைகள் என்றால் பெற்றோரின் ஒப்புதலை, எழுத்திலோ குரல்பதிவிலோ வைத்திருங்கள். மூலக் கோப்பான ராவையும் அழிக்காதீர்கள். படத்தில் திருத்தம் செய்யப்பட்டதா, செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டதா என்ற ஐயம் எழும்போது அதுவே சான்று.

ஆறாம் படி: முன்மொழிவு எழுதுதல்

"சிறுவயது முதலே எனக்கு ஒளிப்படக் கலையில் தீராத ஆர்வம்" என்று தொடங்கும் கடிதத்தை எல்லோரும் எழுதுகிறார்கள். ஆர்வம் இருப்பதால்தான் விண்ணப்பிக்கிறீர்கள் என்பது குழுவுக்குத் தெரியும். இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

"தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களை இரண்டு ஆண்டுகளாகப் படமெடுத்துவருகிறேன். வெள்ளை உப்பின் வெளிச்சத்துக்கு ஏற்ப கேமரா அளவிடுவதால், படங்களில் அவர்களுடைய முகங்கள் இருண்டு போகின்றன. வெளிச்சத்தைக் கையால் அளவிடுவதையும், அச்சில் கருமையின் விவரத்தைக் காப்பாற்றுவதையும் நான் முறையாகக் கற்றதில்லை. இந்தப் படிப்பின் இரண்டாம் பருவத்தில் அவை பாடங்களாக இருக்கின்றன. படிப்பு முடியும்போது இருபது அச்சுப் படங்களை உப்பளத் தொழிலாளர்களின் ஊரிலேயே காட்சிக்கு வைப்பேன்."

இதில் ஐந்து வாக்கியங்களுக்குள் என்ன செய்கிறார், எங்கே முட்டி நிற்கிறார், எதைக் கற்க வேண்டும், ஏன் இந்தப் படிப்பு, முடிவில் என்ன இருக்கும் என்ற எல்லாமும் வந்துவிட்டது. குறையை ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டாம். எல்லாம் தெரிந்தவருக்குக் கல்வி நல்கை எதற்கு? வறுமையை எழுதும்போதும் இதே அளவு நிதானம் வேண்டும். குடும்ப நிலையை இரண்டு வாக்கியங்களில் உண்மையாகச் சொல்லுங்கள். பக்கம் முழுக்கக் கண்ணீர் இருந்தால் வேலையைப் பற்றிப் பேச இடம் இருக்காது. ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியிருந்தால், முதலில் தமிழில் எழுதி முடித்து, பிறகு ஆங்கிலம் நன்கறிந்த ஒருவரோடு உட்கார்ந்து வரிக்கு வரி மாற்றுங்கள்.

ஏழாம் படி: செலவுக் கணக்கு

பலர் ஒரே எண்ணை எழுதிவிடுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். பத்து மாதப் படிப்பொன்றின் கட்டணம் 1,20,000 ரூபாய், தங்குமிடம் மாதம் 7,000 வீதம் 70,000, உணவு மாதம் 5,000 வீதம் 50,000, அச்சுச் செலவு 15,000, படங்களைச் சேமிக்க இரண்டு ஹார்டு டிஸ்க் 12,000, பயணம் 8,000. மொத்தம் 2,75,000 ரூபாய். இதில் சொந்தச் சேமிப்பு 60,000, நிறுவனம் தரும் கட்டணச் சலுகை 30,000 என்றால், கேட்க வேண்டிய தொகை 1,85,000. சொந்தப் பங்கைக் காட்டுவது விண்ணப்பத்தைப் பலவீனமாக்காது; இவர் எப்படியும் இதைச் செய்யப்போகிறார் என்ற நம்பிக்கையைத்தான் தரும். கேமரா வாங்கப் பணம் கேட்பதற்கு முன் கருவிகளுக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். பெரும்பாலும் வாடகைக்கு எடுப்பதாக எழுதுவது பொருத்தமாக இருக்கும். தவணையாக வரும் பணத்தை நம்பி முதல் மாதக் கட்டணத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

எட்டாம் படி: பரிந்துரையும் அனுப்புதலும்

புகழ்பெற்றவர் எழுதும் பொதுவான கடிதத்தைவிட, உங்கள் வேலையை அருகிருந்து பார்த்தவர் எழுதும் கடிதமே எடையுள்ளது. குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே கேளுங்கள். முன்மொழிவையும் ஐந்தாறு படங்களையும் கடைசித் தேதியையும் சேர்த்துக் கொடுத்து, ஒரு வாரத்துக்கு முன் பணிவாக நினைவூட்டுங்கள். வெளிநாட்டு விண்ணப்பங்களுக்கு இந்தியாவில் எந்த மணிக்குக் காலக்கெடு முடிகிறது என்று கணக்கிட்டு, அதற்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். அனுப்பிய படிவத்தின் பிரதியையும் ஒப்புகை எண்ணையும் சேமியுங்கள்.

உதவித்தொகை உறுதியாகிவிட்டது, செயலாக்கக் கட்டணம் மட்டும் ஜி-பேயில் அனுப்புங்கள் என்று வரும் செய்தி மோசடி. இதைவிட நாசூக்கான ஆபத்து போட்டி விதிமுறைகளில் ஒளிந்திருக்கும்: பங்கேற்பதாலேயே எல்லாப் படங்களையும் எக்காலத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தும் உரிமையை ஏற்பாட்டாளருக்குக் கொடுத்துவிடும் ஒரு வரி அங்கே இருக்கலாம். அந்த வரி இருந்தால் அனுப்பாதீர்கள்.

கிடைத்த பிறகு

ஒப்பந்தத்தில் பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறதா, நல்கையளித்தவரின் பெயரை எங்கே குறிப்பிட வேண்டும், அறிக்கை எப்போது தர வேண்டும் என்ற மூன்றையும் பாருங்கள். கல்விச் செலவுக்கென வழங்கப்படும் உதவித்தொகைக்கு இந்தியாவில் வருமான வரி விலக்கு உண்டு. ஆனால் ஒரு தொடரை எடுத்துக் கொடுப்பதற்காக வரும் நல்கையை வரித்துறை வருமானமாகக் கருதக்கூடும் என்பதால், கடிதத்தில் எந்தச் சொல் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்று ஒரு கணக்காயரிடம் காட்டிவிடுங்கள். வெளிநாட்டுப் பணத்துக்கு 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே வரும். தனிநபருக்கான படிப்புதவிக்கு அதில் தடையில்லை; ஆனால் பதிவுபெற்ற செய்தித்தாளின் நிருபர்கள் பொதுவாக வெளிநாட்டுப் பங்களிப்பைப் பெற முடியாது. செய்தித்தாளில் வேலை பார்க்கும் ஒளிப்படக்காரர்களும், ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒளிப்பட வகுப்பு நடத்த ஓர் அமைப்பின் பெயரில் வெளிநாட்டு நிதி கேட்பவர்களும் கையெழுத்திடுவதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

ரசீதுகளைப் பெற்ற அன்றே படமெடுத்து, மாதவாரியாக ஒரு கோப்புறையில் போட்டுவிடுங்கள். அச்சகத்தின் வெப்பத்தாள் ரசீது ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். இறுதிக் கணக்குக் கேட்கப்படுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.